223 ரவையால் மான் சுடலாமா?

கேள்வி: என் மருமகன் வேலைக்காக ஸ்கொட்லாந்து போய் நாலு வருடம். இப்போது மான் வேட்டைக்கு ரைபிள் எடுக்கப் பொலிஸில் விண்ணப்பிக்கப் போகிறார். கூட வேலை செய்பவர் தன்னுடைய 223ஐக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் 243க்குக் கீழே போகாதே என்கிறார். எது சட்டத்துக்குச் சரி, எது மானுக்கு வேலை செய்யும்?
– உப்புவெளி வாசகர்

பதில்: ஐயா, விண்ணப்பத்தில் 243ஐயே எழுதச் சொல்லுங்கள். 223, 243 என்பவை ரவையின் அளவுப் பெயர்கள், சன்னத்தின் (குழலிலிருந்து பறந்து போகும் உலோகத் துண்டு) விட்டம் ஏறத்தாழ 0.223, 0.243 அங்குலம் என்று அர்த்தம். அங்கே எந்த அளவு ரைபிள் என்று அனுமதிப்பத்திரத்திலேயே போட்டுத்தான் கொடுப்பார்கள், அதற்குரிய ரவை மட்டும்தான் வாங்கலாம். அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் 223 எடுத்துவிட்டுப் பிறகு மாற்ற நினைத்தால் மறுபடியும் பொலிஸிடம்தான் போக வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஸ்கொட்லாந்தில் ரோ மான் என்று ஒன்று உண்டு, நம்முடைய திருகோணமலைக் கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமானைவிடச் சின்னது. அதற்குச் சன்னம் 50 கிரெயினுக்கு (கிரெயின் என்பது சன்னத்தின் பாரத்தை அளக்கும் சின்ன அலகு) குறையக் கூடாது, குழல்வாயில் வேகம் விநாடிக்கு 2,450 அடி, சக்தி 1,000 அடி-இறாத்தல் (சன்னம் கொண்டு போகும் சக்தியின் அலகு) இருக்க வேண்டும். 223இல் 55 கிரெயின் சன்னம் ஏறத்தாழ 3,240 அடி வேகத்தில் போகும், சக்தி 1,280 வரும். ஆகவே ரோ மானுக்குச் சரி. ஆனால் அங்கே மலையில் நிற்பது பெரும்பாலும் சிவப்பு மான், அதற்கு 1,750 அடி-இறாத்தலும் 80 கிரெயின் சன்னமும் வேண்டும் (2023 வரை 100 கிரெயின் கேட்டார்கள்). அந்த இடத்தில் 223 கிட்டவும் வராது. இன்னொன்று, மருமகன் எல்லை தாண்டி இங்கிலாந்துப் பக்கம் போனால் அதே ரோ மானுக்கே 223 சட்டவிரோதம், ஏனென்றால் அங்கே 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குழலின் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சக்தியும் 1,700 வேண்டும். மண்ட்ஜாக் போன்ற மிகச் சின்ன மானுக்கு மட்டும் விலக்கு.

243இல் 100 கிரெயின் சன்னம், அதாவது ஒரு பவுண் நகையைவிடக் கொஞ்சம் பாரம் குறைந்த ஒரு துண்டு, பெட்டியில் எழுதியிருக்கிறபடி 2,960 அடி வேகத்தில் போனால் 1,945 அடி-இறாத்தல். நல்லது. ஆனால் பெட்டியில் இருக்கிற கணக்கு நீளக் குழலில் எடுத்தது. குழலைக் கட்டையாக வெட்டிய ரைபிளில் அதே ரவை 2,800க்கு இறங்கினால் சக்தி 1,740 தான் வரும். இங்கிலாந்தில் பாஸ், ஸ்கொட்லாந்தில் சிவப்பு மானுக்குப் பத்து அடி-இறாத்தலால் குற்றம். சக்தியைக் கணக்குப் பார்ப்பது சுலபம்: வேகத்தை அதனாலேயே பெருக்கி, கிரெயினால் பெருக்கி, 450,240ஆல் வகுக்க வேண்டும். வேகம் அளக்கிற கருவி துப்பாக்கிக் கழகங்களில் இருக்கும், ஒரு தடவை தன் ரைபிளிலேயே சுட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் இடம் விட்டு எடுக்க வேண்டுமென்றால் 308 இருக்கிறது, 150 கிரெயினில் சக்தி 2,600 அடி-இறாத்தலுக்கு மேலே வரும், ஆனால் தோளில் உதைக்கும், புதிதாகச் சுடுகிறவர் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தால் எந்தச் சக்தியாலும் பிரயோசனமில்லை.

சன்னத்தின் முனை இதைவிட முக்கியம். முழுக்க உறை போட்ட இராணுவச் சன்னம் மானுக்குக் கூடாது, ஊசி போலத் துளைத்து வெளியே போய்விடும், மான் காயத்தோடு ஓடிவிடும். உள்ளே போய் விரிகிற முனைதான் வேண்டும், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஈயச் சன்னம் விரியும்போது பொடியாகச் சிதறிக் காயத்துக்குத் தூரத்து இறைச்சியிலும் கிடக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்றால் செப்புச் சன்னம் எடுப்பது நல்லது. செப்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது, 100 கிரெயினை 80ஆக இறக்கியதும் அதற்காகத்தான். ஆனால் வேகம் குறைந்தால் செப்பு சரியாக விரியாது, அதனால் கிட்டப் போய்ச் சுட வேண்டும். ரவையின் வகை மாறினால் குறியும் மாறும், மறுபடி கடதாசியில் சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குள் போகக் கூடாது.

நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வயதில் கந்தளாய்ப் பக்கம் மாமா வீட்டில் நின்றபோது, யாரோ இரவில் சுட்டுத் தவறவிட்ட பெட்டை மான் ஒன்று வாய்க்கால் கரையில் படுத்திருந்ததைப் பார்த்தேன். வயிற்றில் சின்ன ஓட்டை, அதைச் சுற்றிப் பச்சையாகக் கசிவு, ஈ மொய்த்தபடி. மத்தியானம் வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மருமகனிடம் சொல்லுங்கள், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் விழாது என்று தோன்றினால் சுடக் கூடாது. சுட்ட இடத்தில் இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் கிடந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, கிட்டத்தில் விழுந்திருக்கும். கருமையாகப் பச்சை கலந்து கிடந்தால் வயிறு, உடனே துரத்தாமல் பொறுத்திருந்து நாயோடு போய்த் தேடியே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் வயலுக்கு மான் வந்து நெல்லைத் தின்கிறது. அப்பா பெயரில் லைசன்ஸ் உள்ள சொட்கன் இருக்கிறது. எந்த ரவை போட்டால் சட்டப்படி?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: எதுவும் இல்லை, தம்பி. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை, துவக்குக்கு லைசன்ஸ் இருப்பது மானைச் சுட அனுமதி ஆகாது, இறைச்சியை வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. வனசீவராசிகள் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். வேலியை ஆளுயரத்துக்கு மேலே தூக்குங்கள், அதற்குக் கீழே என்றால் தாவிவிடும்.