வீடு கட்ட உள்ளாட்சி எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கூரை வீட்டில் குடியிருக்கிறோம். கலைஞரின் கனவு இல்லம் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. ஊராட்சியில் கேட்டால், 'மேலிருந்து வரணும்' என்கிறார்கள். யாரிடம் போவது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கூரை வீட்டில் இருப்பவர்கள் கான்கிரீட் வீடு கட்ட அரசு பணம் தரும் திட்டம் அது. 2024-25இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பயனாளி பட்டியலைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதே விதி. அதனால் 'மேலே' என்பது பாதிப் பதில்தான். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் சபை கூடும். கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மனுவை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறுகிறதா என்று கூட்டம் கலைவதற்குள் பாருங்கள். அதன் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பெயர் விடுபடப் பெரும்பாலும் காரணம் பட்டா. மனை இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். குடிசை நீர்நிலைப் புறம்போக்கிலோ மேய்க்கால் புறம்போக்கிலோ இருந்தால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் மனுப் போடுவதுதான் வழி.

பெயர் வந்த பிறகும் ஓர் ஆபத்து உண்டு. வீட்டின் அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். பணம் கட்டடம் வளர வளரத்தான் வரும். 'கட்டுறதே கட்டுறோம்' என்று 500 சதுர அடிக்குக் கடைக்கால் எடுத்தால், கைக்காசு கடைக்காலிலேயே கரைந்து சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு) மட்டத்தில் நின்றுவிடும். அடுத்த தவணைக்கு அடுத்த நிலை முடிந்திருக்க வேண்டும், அதை முடிக்கக் கையில் பணம் இருக்காது. பாதியில் நிற்கும் வீடுகள் பலவற்றின் கதை இதுதான். வட்டிக்கு வாங்காமல் 360இல் முடியுங்கள். மேலே மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால், அதைக் கடைக்கால் போடும் முன்பே பொறியாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களிடம் அரை கிரவுண்டு மனை இருக்கிறது. 900 சதுர அடியில் வீடு கட்ட வேண்டும். பிளான் அப்ரூவலுக்கே பெரிய தொகை ஆகும் என்று இடைத்தரகர் சொல்கிறார்.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இடைத்தரகரே தேவையில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை உங்களுக்குப் பொருந்தும். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிரயப் பத்திரம், பட்டா, வரைபடம், மனையின் படம் ஆகியவற்றை ஏற்றி, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே வரும். பணி முடிவுச் சான்று வாங்க வேண்டியதும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீங்கள் கொடுப்பது உறுதிமொழி, தவறாக இருந்தால் அனுமதி ரத்தாகும். அங்கீகாரம் இல்லாத மனை, இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கும் பட்டா, அங்கீகரித்த ஒரு மனையை இரண்டாக வெட்டி வாங்கிய துண்டு ஆகிய மூன்றிலும்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 20.10.2016க்கு முன் பிரித்து விற்றவற்றுக்கானது. தேதியைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனை விலையைக் குறைக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நேரடியாக இல்லை.

ஆனால் விலையைத் தாங்கும்படி செய்ய ஒரு நல்ல விதி கையிலேயே இருக்கிறது, அதைக் கேட்பாரில்லை என்பதுதான் வருத்தம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) மனைப்பிரிவில், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிவடைந்தவர்களுக்கான சிறு மனைகளாகப் பிரிக்க வேண்டும். வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது, ஒன்றோடொன்று சேர்க்கவும் கூடாது. வரைபடத்தில் இவை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். நடைமுறையில் என்ன ஆகிறது? விளம்பரத்தில் அவற்றைப் பற்றிப் பேச்சே இருக்காது. வசதியுள்ளவர் ஒருவரே பக்கத்துப் பக்கத்து மனைகளை வாங்கிச் சேர்த்து ஒரே வீடாகக் கட்டிவிடுவார். கட்டட அனுமதி கொடுக்கும் உள்ளாட்சி, மனைப்பிரிவு வரைபடத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று விவரம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நலிவடைந்தோருக்கான மனை எண்கள், அந்த எண்களுக்குக் கொடுத்த கட்டட அனுமதிகள். வேறிடத்தில் ஒதுக்கியிருப்பதாகப் பதில் வந்தால், அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். பட்டியல் கிடைத்ததும் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் வையுங்கள். அந்த எண்களை அனுமதிப் பதிவேட்டில் ஏற்றி, சேர்த்துக் கட்ட வரும் விண்ணப்பத்தை நிறுத்த ஒரு தீர்மானம் போதும், செலவே இல்லை.

பணமில்லை என்று நகராட்சி சொன்னால், பத்திரப் பதிவில் நாம் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கான சொத்து மாற்றத் தீர்வை என்பதை நினைவூட்டுங்கள். குடிசைப் பகுதி மேம்பாடு அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையிலேயே நகராட்சிகளுக்கான பணியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: கம்பெனி வேலைக்காக ஒற்றை அறையில் நான்கு பேர் தங்கியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஏறுகிறது. ஊராட்சி தடுக்காதா?
– ஒரு வாசகி, ஒரகடம்

பதில்: வாடகைக்கு உச்சவரம்பு போட ஊராட்சிக்கு அதிகாரமில்லை. வாடகை இறங்க அறைகள் பெருக வேண்டும். உங்கள் பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 2024இல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அந்த அளவுக்கு மாநில அரசால்தான் முடியும், ஆனால் தண்ணீர், கழிவுநீர், தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. வரிசை வீடுகளுக்குக் கழிவுநீர்த் தொட்டி போதாமல் வழிவதை ஊராட்சி கவனித்தே ஆக வேண்டும், கிராம சபையில் எழுப்புங்கள்.

வாடகை ஏற்றத்துக்கு, வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுத்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இருக்கிறது. அது உங்கள் ஊராட்சிப் பகுதிக்குப் பொருந்துமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தினால், அதன்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள், அதில் எழுதியதற்கு மேல் ஏற்ற முடியாது. தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. நால்வரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறிப் போகும் நாளில் மற்ற மூவருக்கும் கையில் எந்தக் காகிதமும் இருக்காது.