தாது வருஷத்துப் பிள்ளை

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பத்தா 2024 ஆவணியில் காலமானார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வயது 96 என்று போட்டார்கள். ஆதாரில் 1.1.1932. சித்தப்பாவோ, "தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவன்னு ஆத்தாவே சொல்லும், நூறு தாண்டியிருக்கும்" என்கிறார். அவர் நினைவாக ஒரு சிறு புத்தகம் போட ஆசை. வயதே தெரியாமல் எப்படி ஆரம்பிப்பது?

அவர் சொல்லிக் கேட்டவை கொஞ்சம்தான். பர்மாவிலிருந்து அவருடைய தாய்மாமா நடந்தே வந்து சேர்ந்தாராம். தாடியும் சடையுமாக நின்றவரைப் பார்த்து, குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாராம். புதுப் பைசா வந்தபோது என் அப்பா வயிற்றில் இருந்தாராம். பெட்டியில் மொய் நோட்டுகளும், தன் தம்பிக்கு எழுதிக்கொடுத்த 1971-ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரத்தின் நகலும் இருந்தன. அதில் 'வயது சுமார் 35' என்று இருக்கிறது.

அவர் படிக்கவில்லை, வயலும் வீடும்தான். 'பொறுமையின் சிகரம், அன்பின் உருவம்' என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. அப்புறம், அவரும் என் சித்தியும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அதை எழுதலாமா?

க., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள க.,

வயதை முதலில் முடித்துவிடுவோம். அதற்கு வேண்டியதெல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கி 1878 வரை நீண்டது. அப்போது பிறந்தவர் நம் காலத்தில் இருந்திருக்க முடியாது. ஆனால் தமிழ் வருஷங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. அடுத்த தாது 1936 சித்திரையில் பிறந்து 1937 பங்குனியில் முடிந்தது. உங்கள் அப்பத்தா அந்தத் தாதுவில் பிறந்தவர். அந்த வருஷப் பெயரைக் கேட்டாலே பழைய பஞ்சத்தைப் பேசாத பெரியவர்கள் அன்று இருந்திருக்க மாட்டார்கள். பாட்டி காலத்துக் கதையும் பேத்தியின் பிறப்பும் சித்தப்பாவின் நினைவில் ஒன்றாகிவிட்டன.

மற்றவையும் ஒத்துவருகின்றன. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பரில். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடும் மலையுமாக நடந்து அசாம், மணிப்பூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். மாமாவைப் பார்த்துக் குதிருக்குப் பின்னால் ஒளிவது ஐந்தாறு வயதுப் பிள்ளை செய்கிற காரியம். 1932-இல் பிறந்தவரென்றால் பத்து வயதுப் பெண். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார். பத்திரத்தில் உள்ள 'சுமார் 35' என்பதும் 1936-க்குத்தான் போகிறது. ஆதாரிலுள்ள ஜனவரி 1-ஐப் பொருட்படுத்த வேண்டாம். பிறந்த தேதி தெரியாதவர்கள் குத்துமதிப்பாக ஒரு வயதைச் சொல்ல, அப்படி விழுகிற தேதி அது.

ஆக 87 அல்லது 88. போஸ்டரில் போட்டதைவிடக் குறைகிறதே என்று வீட்டில் யாரும் வருந்த வேண்டியதில்லை. சரியான வருஷம் கிடைத்தால் மற்றவை தானாக வந்து இடத்தில் உட்காரும். புதுப் பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. வயிற்றில் பிள்ளையோடு, இருபது வயதில், பதினாறு அணாவை நூறு பைசாவாக மாற்றிச் சந்தையில் ஏமாறாமல் வரக் கற்றுக்கொண்ட பெண்ணை இப்போது நீங்கள் பார்க்கலாம். 'பொறுமையின் சிகரம்' என்ற வரியில் அவர் இல்லை. அந்த வரியை எந்த வீட்டு போஸ்டரிலும் ஒட்டலாம்.

அந்த மொய் நோட்டுகளைத் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்துவிடுங்கள். எழுத்துத் தெரியாத அவர் யாரை உட்காரவைத்து எழுதச் சொன்னார்? எழுதியதை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தாரா? ஐம்பது ரூபாய் வந்த வீட்டுக்கு எப்போது, எவ்வளவு கூட்டித் திருப்பிச் செய்தார்? நம் பக்கத்தில் செய்முறை என்பது பெரிய கணக்கு. யார் வீட்டில் காதுகுத்து, யார் வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் கையில் காசில்லை, எங்கே இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்கக்கூடாது என்பதெல்லாம் ஒரு பெண்ணின் தலைக்குள் இருந்து நடந்திருக்கிறது. நோட்டில் திரும்பத் திரும்ப வரும் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். அவர் உறவைப் பிடித்துவைத்திருந்த ஊர்கள் அவை. நடுவில் ஒரு ஊர் சட்டென்று நின்றுபோயிருந்தால் அத்தையிடம் கேளுங்கள். அங்கே ஒரு கதை இருக்கும். அத்தைகளிடம் இந்த மாதமே கேளுங்கள், குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

பத்திரத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளும் வாரிசு. அப்படியொரு பங்கு இருந்ததால்தான் தம்பிக்கு அக்காளின் கைநாட்டு தேவைப்பட்டிருக்க வேண்டும். மனமுவந்து கொடுத்தாரா, பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக்கூடாதே என்று கொடுத்தாரா? அவருக்கு நெருங்கிய சிநேகிதி யாராவது ஊரில் இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். பத்திரத்தில் 'இன்னார் மனைவி' என்று எழுதியிருப்பார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயரைத் தனியாக, பெரிய எழுத்தில் போடுங்கள். கூடவே அவருடைய அம்மாவின் பெயர், அந்த அம்மாவின் அம்மா பெயர். கிடைக்கிற வரைக்கும் போடுங்கள். ஆண்பிள்ளைகளின் பெயர் மட்டும் உள்ள வம்சவரிசைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

சித்தி விஷயம். எழுதலாம் என்பதே என் கருத்து. கோபமே வராத அப்பத்தாவை எழுதினால், அவரோடு வாழ்ந்தவர்கள் அந்தப் பக்கத்தை நம்பமாட்டார்கள். ஆனால் சித்தி இருக்கிறார், அவர் மருமகளாக வந்து பட்டது அவருக்குத்தான் தெரியும். எழுதுவதற்கு முன்னால் அவரிடம் போய் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதி, அவருக்கே முதலில் வாசித்துக்காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.