லைப்போசோம் (மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புப் பை) சேர்த்ததும் 37 டிகிரியில் ஜெல் உறையவில்லையா?

20% போலாக்சமர் 407 (குளிரில் திரவமாக இருந்து, சூட்டில் ஜெல்லாகும் பாலிமர்) கரைசலில் லைப்போசோம் கலவையைச் சம அளவு ஊற்றியதாகச் சொல்கிறீர்கள். பாலிமர் 10 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்த அளவில் 37 டிகிரியில் உறையாது.

லைப்போசோமுக்குப் பதிலாக அதே அளவு வெறும் பஃபரை (pH மாறாமல் காக்கும் கரைசல்) அந்த 20% கரைசலில் கலந்து, 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்துக் குழாயைக் கவிழ்த்துப் பாருங்கள். அதுவும் வழிந்தால் நீர்த்துப்போனதுதான் சிக்கல். உறைந்தால் மட்டும் லைப்போசோமைச் சந்தேகியுங்கள்.

நீர்த்ததுதான் காரணம் என்றால், போலாக்சமர் தூளை லைப்போசோம் கலவையிலேயே நேரடியாக, 4 டிகிரியில், இறுதி அளவு 18–20% வரும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இரவு முழுக்கக் குளிரில் கரையவிடுங்கள். வேகமாகக் கலக்கவேண்டாம், நுரை லேசில் அடங்காது.

ஒன்று கவனம்: போலாக்சமரே ஒரு சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்). லைப்போசோம் சவ்வைக் குலைத்து மருந்தைக் கசியவிடலாம். ஜெல் உறைந்ததும் நிறுத்திவிடாமல் துகள் அளவையும், கசிந்த மருந்தையும் மறுபடி அளந்துவிடுங்கள். சவ்வில் கொலஸ்ட்ரால் குறைவு என்றால் இது கட்டாயம்.