ராத்திரி பதினொன்றரைக்கு மீதமிருக்கும் அரை ஜிபி

கேள்வி: நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மூன்று வருஷமாகக் கொக்கி ஊசியால் போடும் ஆரி எம்பிராய்டரி வேலையும் செய்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான் வருகிறது. டிசைன் பார்க்கலாம் என்று போனை எடுத்தால் எங்கேயோ போய் முடிகிறது. நேற்று கழுத்து டிசைன் தேட உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், யாரோ ஒருவர் பாறை மீன் சுத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மீனே சமைப்பதில்லை. இரவு பன்னிரண்டரை வரை இதே கதை. காலையில் கண் எரிகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. முன்பெல்லாம் மதியத்தில் தொடர்கதை படிப்பேன், அதுவும் போயிற்று. "எல்லாத்தையும் அழிச்சிடும்மா, பட்டன் போன் வாங்கித் தர்றேன்" என்கிறான் மகன். அப்படிச் செய்தால் தொழில் என்ன ஆவது? இன்டர்நெட்டில் உருப்படியான இடமே கிடையாதா? – பெயர் வேண்டாம், மன்னார்குடி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பட்டன் போன் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள். ஆர்டர் வரும் வழியை அடைத்துவிட்டு யாரும் கடை நடத்த முடியாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது "பன்னிரண்டரை". உங்கள் ரீசார்ஜில் தினமும் 1.5 ஜிபி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நள்ளிரவில் காலாவதியாகிவிடும். பதினொன்றரைக்குப் பார்த்தால் அரை ஜிபி மிச்சம் இருக்கும். காசு கொடுத்து வாங்கியது வீணாகப் போகிறதே என்று மனசு கேட்காது. அதைத் தீர்க்கலாம் என்று உட்கார்ந்தால், பன்னிரண்டு அடித்ததும் புதிதாக ஒன்றரை ஜிபி வந்து விழும். பழையதை முடிக்க உட்கார்ந்த ஆள் புதியதைத் தொடங்கிவிடுவார். நானும் பல ராத்திரி இப்படி உட்கார்ந்தவன்தான். ஓய்வு பெற்ற நூலகர் நான். இப்போது மகளிர் குழுக்களுக்குப் போன் பயன்படுத்தச் சொல்லித் தருகிறேன். அங்கே பத்துப் பேரைக் கேட்டால் நாலு பேராவது இந்த மிச்ச டேட்டா கணக்கைச் சொல்கிறார்கள். அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு போட்டிருக்கிறான் என்பதற்காக நாலாவது தடவை சோறு வாங்குவோமா? மிச்சமானால் போகட்டும்.

அடுத்து அந்த மீன். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் நாம்தான் அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் "போதும், அடுப்பில் பால் இருக்கு" என்று ஞாபகம் வரும். 2006-ல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர், பக்கம் முடியாமல் கீழே நீண்டுகொண்டே போகும் முறையை வடிவமைத்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டார். ரீல்ஸ் அந்த முறையின் இன்னும் வழுக்கலான வடிவம். விரலைத் தள்ளினால் அடுத்தது வரும். அது நன்றாக இருக்குமா, மொக்கையா என்று தெரியாது. தெரியாததால்தான் இன்னொரு தடவை தள்ளத் தோன்றுகிறது. நாலு மொக்கைக்குப் பிறகு ஒரு நல்லது வந்தால் போதும், இன்னும் நாற்பது பார்ப்போம். திருவிழாவில் வளையம் போடுகிற கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1931-ல் மன்னார்குடி மேலவாசலில் இருந்து மாட்டு வண்டியில் ஒரு நூலகம் கிளம்பி, சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனது. அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்தவர் அவர். அவற்றில் நான்காவது: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. முப்பது வருஷம் அந்த விதியைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். அலமாரி எங்கே, அட்டை எங்கே, ஆள் கேட்டதை எத்தனை நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கலாம் என்பதுதான் எங்கள் கவலை. ரீல்ஸ் நடத்துகிறவர்களுக்கு நேர் எதிரான கவலை. நீங்கள் எவ்வளவு நேரம் இருக்கிறீர்களோ அவ்வளவு விளம்பரம் ஓடும். இணையத்தில் ஓர் இடம் உருப்படியா இல்லையா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு விதி போதும். நான் கேட்டதைக் கொடுத்துவிட்டு என்னை வெளியே விடுகிறதா? விட்டால் நல்ல இடம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உங்கள் அளவு நோட்டை எடுங்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இன்று தைக்கும்போது மனதில் வந்த கேள்விகளை அங்கேயே எழுதுங்கள். "போட் நெக்குக்குத் தோள்பட்டை எவ்வளவு குறைக்கணும்?" "பட்டு நூலில் சிக்கு விழாமல் இருக்க என்ன செய்வது?" எழுதியவுடன் போனை எடுக்க வேண்டாம். மூன்று மணி டீக்கு உட்காரும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். விடை கிடைத்ததும் பேனாவால் அடித்துவிட்டு, கிடைத்த அளவைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். கேள்விகள் தீர்ந்தால் போனைக் கீழே வைக்க வேண்டியதுதான். வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன். இது ஒன்றுதான் மாதக்கணக்கில் நிற்கிறது. போனில் குறிப்பு எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். குறிப்பு எழுதப் போனை எடுத்தால் கை மீனிடம் போய்விடும்.

யூடியூபில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கும். இதுவரை சேர்ந்ததை அழித்துவிட்டு, அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று தெரியாவிட்டால் முகப்பில் எதையும் பரிந்துரைப்பதில்லை என்ற ஏற்பாட்டை 2023-ல் அந்த நிறுவனமே கொண்டுவந்தது. அதன்பிறகு யூடியூபைத் திறந்தால் வெறும் பக்கமும் ஒரு தேடல் பெட்டியும்தான். முதல் நாள் கடையைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். பழகிவிட்டால், அளவு நோட்டில் இருப்பதைத் தேடுவீர்கள், பார்ப்பீர்கள், வந்துவிடுவீர்கள். நன்றாகச் சொல்லித்தருகிற வீடியோ கிடைத்தால் பிளேலிஸ்ட் ஒன்று போட்டு அதில் சேர்த்துவையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் நீங்கள் தைத்த பிளவுஸ்களைப் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போடுவதாக இருந்தால், செயலியை எடுத்துவிட்டு குரோம் வழியாகப் போங்கள். மெதுவாக, கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல்தான் நமக்கு வேண்டியது. படம் போட்டீர்களா, வந்த கேள்விக்குப் பதில் சொன்னீர்களா, அவ்வளவுதான்.

வாட்ஸ்ஆப்பில்தான் உங்களுக்குப் பெரிய லாபம் காத்திருக்கிறது. இப்போது வாடிக்கையாளரும் சித்தி மகளும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். ஆர்டர் பார்க்கத் திறந்தால் முதலில் "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூ. வாட்ஸ்ஆப் பிசினஸ் என்று தனியாக ஒரு செயலி, இலவசம்தான். வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்த பழைய நம்பரை அதற்கு மாற்றுங்கள். அதே போனில் மாற்றினால் பழைய உரையாடல்களையும் அது எடுத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு இரண்டாவது சிம்மில் சாதாரண வாட்ஸ்ஆப். (புது நம்பர் கொடுத்தால் ஓர் அத்தையாவது கோபித்துக்கொள்வார். தாங்கிக்கொள்ளுங்கள்.)

பிசினஸ் செயலியில் கடை நேரம் குறிக்கலாம். இரவு எட்டுக்கு மேல் யாராவது செய்தி அனுப்பினால், "வேலை நேரம் முடிந்தது, காலை பத்து மணிக்குப் பதில் சொல்கிறேன்" என்று அதுவே அனுப்பும். ராத்திரி போனை எடுக்க உங்களுக்கு இருக்கும் நியாயமான காரணம், ஆர்டர் தவறிவிடுமோ என்ற பயம்தானே? அதற்கு இது போதும். புது ஆர்டர், பணம் பாக்கி, வேலை முடிந்தது என்று ஒவ்வொருவர் பெயரிலும் லேபிள் ஒட்டலாம். தைத்த பிளவுஸ் படங்களை விலையோடு கேட்டலாக்கில் போட்டுவிட்டால், "டிசைன் அனுப்புங்கக்கா" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் கேலரியைத் துழாவ வேண்டாம்.

குடும்பக் குழுக்களை எப்போதைக்குமாக மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். புதுச் செய்தி வந்தாலும் அவை மேலே ஏறி வராது. குழுவை விட்டு விலகினால்தான் "என்ன கோபம்" என்று போன் வரும். இப்படிச் செய்தால் யாருக்கும் தெரியாது. படங்களும் வீடியோவும் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள்.

செயலிக்கு ஒரு நாளைக்கு இத்தனை நிமிஷம் என்று பூட்டுப்போடும் டிஜிட்டல் வெல்பீயிங் பற்றித் தம்பி சொல்லியிருக்கலாம். பூட்டு நம்முடையது, சாவியும் நம்முடையது. என் கணக்கில் அது தெர்மாமீட்டர்தான். எவ்வளவு காய்ச்சல் என்று ஒரு வாரம் பாருங்கள், மருந்தாக நம்ப வேண்டாம். இரவு போனைத் தையல் மெஷின் மேல் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

இனி, உருப்படியான இடம். இதைச் சொல்லத்தான் எனக்குக் கை துறுதுறு என்கிறது.

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. தன்னிடமுள்ள பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களின் விவரங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது. அதன் தேடல் பெட்டியில் "மோச்சி எம்பிராய்டரி" என்று ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் தெரியாவிட்டால் தம்பி ஒரு தடவை அடித்துக் கொடுக்கட்டும். மோச்சி என்றால் குஜராத்தில் செருப்புத் தைக்கும் சமூகம். தோலில் தையல் போட அவர்கள் வைத்திருந்த கொக்கி ஊசியைப் பட்டிலும் பருத்தியிலும் போட ஆரம்பித்தார்கள். நீங்கள் ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டி, இடது கையால் அடியில் நூலைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலிருந்து கொக்கி போட்டு இழுக்கிறீர்களே, அந்தச் சங்கிலித் தையல்தான். படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு கண்ணியும் தெரியும். இதழின் ஓரத்தில் தையல் எந்தப் பக்கம் திரும்புகிறது, நிறம் எங்கே மாறுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பின்டரெஸ்ட் படத் தளத்தில் நூறு பேர் காப்பி அடித்த மயிலைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து "கோரமண்டல் சின்ட்ஸ்" என்று தேடுங்கள். கோரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கடற்கரை. அங்கே கையால் வரைந்து சாயம் ஏற்றிய பருத்தித் துணிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. சிவப்பு நிறம் சாயவேரிலிருந்து எடுத்தது, நீலம் அவுரி. உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை இருந்தார்கள் என்றால், இந்தத் துணி வியாபாரம் அதற்கு முக்கியக் காரணம். பாறையிலிருந்து வளைந்து எழும் பூமரம் ஒன்று இந்தத் துணிகளில் அடிக்கடி வரும். அந்தக் கிளை வளைவை அப்படியே ஒரு முதுகுக் கழுத்துக்குக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தையல்காரர் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொழிலுக்கு டிசைன் எடுப்பதாக இருந்தால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தையும் பாருங்கள். பதிப்புரிமை முடிந்த பொருட்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று 2017-ல் திறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட படங்களில் அதற்கான அடையாளம் இருக்கும். லண்டன் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். படத்தையே எடுத்து விளம்பரத்துக்குப் போட அனுமதி வாங்க வேண்டும்.

மதியக் கதைக்கு வழி இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நாவல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்த பக்கங்களாகவே கிடைக்கும். மஞ்சள் தாளும் பழைய விளம்பரமும் சேர்த்துப் படிக்கலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் 2013 முதல் தன்னார்வலர்கள் இக்காலத்துக் கதைகளை இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். ஈழத்து எழுத்துக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற தளம். பழந்தமிழ் இலக்கியம் வேண்டுமானால் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம். புத்தகத்தைப் போனில் இறக்கிக்கொண்டு டேட்டாவை அணைத்துவிட்டுப் படியுங்கள். ஒரு அத்தியாயம் முடியும் இடத்தில் பக்கம் நிற்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போனில் தொழில் செய்கிறவர்களுக்கு "தவறிப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று ஒரு அழைப்பு என்றாவது வரும். வங்கிக் கணக்கைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று அளவு நோட்டும் யூடியூப் ஹிஸ்டரியும். ஞாயிற்றுக்கிழமை தம்பியை உட்கார வைத்து வாட்ஸ்ஆப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பதினைந்து நாள் கழித்து நோட்டின் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எத்தனை கேள்வி அடிபட்டிருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசை. அந்தக் கழுத்து டிசைன் கடைசியில் கிடைத்ததா என்றும் எழுதுங்கள்.