உயிலில் இல்லாத மகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நலம்தானே? நான் இப்போது கென்டக்கியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் இந்த ஊர்க்காரர். அவருடைய அம்மா ரொம்ப காலமாகத் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடிச் சேர்த்து வருகிறார். 1850 வரை ஆதாரத்தோடு போய்விட்டார். அதற்கு முன்னால்தான் சிக்கல். 1790களில் எழுதப்பட்ட ஒரு உயிலில், அவர்கள் மூதாதையின் பெயரிலேயே ஒரு மகன் வருகிறான். அதே கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), வயதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இணையத்தில் இருக்கும் குடும்ப மரங்கள் பலவும் அந்த உயிலை எழுதியவரைத்தான் அப்பா என்று காட்டுகின்றன. ஆனாலும் சம்பந்தியம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை பேர் சொல்வதை ஏற்றுக்கொள்ளக் கூடாதா? டிஎன்ஏ சோதனை செய்தால் தீர்ந்துவிடுமா? அமெரிக்காவின் ஆரம்பகாலத்தைப் பற்றி நீங்கள் எழுதிவருவதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சம்பந்தியம்மாவின் தயக்கம் நியாயமானது. அவர் 1850இல் வந்து முட்டி நிற்பதும் தற்செயல் இல்லை. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கினாலும், 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாம் வயதுவாரியாக வெறும் எண்கள். அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் வந்தது 1850இல்தான். யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தி 1880இல்தான் சேர்ந்தது. அதனால் அந்தக் காலத்து உயில் ஒன்றில் நாம் தேடும் பெயர் வந்துவிட்டால் உடனே பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

நீங்கள் இருக்கும் அதே கென்டக்கியில் இப்படி ஒரு உயில் பலரைத் தடம் மாற்றியிருக்கிறது. ஆப்ரகாம் லிங்கனின் தாயார் நான்சி ஹாங்ஸ் விஷயத்தில்.

தன் அம்மாவின் பூர்வீகத்தைப் பற்றி லிங்கன் வெளியில் அதிகம் பேசியவர் இல்லை. அம்மா, லூசி ஹாங்ஸ் என்ற பெண்ணுக்கும் வர்ஜீனியாக்காரர் ஒருவருக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கன் தன்னிடம் சொன்னதாக, அவருடைய வக்கீல் கூட்டாளி ஹெர்ன்டன் பின்னாளில் எழுதினார். பெரிய சர்ச்சை ஆயிற்று. 1899இல் கரோலைன் ஹாங்ஸ் ஹிட்ச்காக் என்பவர் அதை மறுத்து ஒரு புத்தகம் போட்டார். அவருடைய ஆதாரம் நெல்சன் கவுண்டியில் ஜோசப் ஹாங்ஸ் என்பவர் 1793இல் எழுதிய உயில். மகன்களுக்குக் குதிரை, எலிசபெத், பாலி, நான்சி என்ற மூன்று மகள்களுக்கும் ஆளுக்கொரு கிடேரி. கிடேரிகளின் பெயர்கூட அதில் எழுதியிருக்கிறது. இதோ நான்சி, முறையான அப்பாவும் அம்மாவும் உள்ள மகள் என்றார் ஹிட்ச்காக். நிறைய பேர் நம்பினார்கள்.

1920களில் லிங்கனைப் பற்றி ஆராய்ந்து எழுதிய வில்லியம் பார்ட்டன் எளிமையான ஒரு கேள்வியிலிருந்து பிடித்தார். கிடேரி வாங்கிய அந்த நான்சி அப்புறம் என்ன ஆனார்? தேடிப் பார்த்தால் அவர் லீவை ஹால் என்பவரின் மனைவி, லிங்கனோடு வளர்ந்த டென்னிஸ் ஹாங்ஸின் அம்மா. லிங்கனின் அம்மாவுக்குச் சித்தி. ஒரே குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள், வயதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதோடு முடியவில்லை. 1806இல் லிங்கனின் அப்பா தாமஸுக்கும் நான்சிக்கும் கல்யாணம் நடந்தபோது, திருமணப் பத்திரத்தில் ரிச்சர்ட் பெரி என்பவர் நான்சியின் பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெரி குடும்பத்துக்கும் ஷிப்லி குடும்பத்துக்கும் கல்யாண சம்பந்தம் உண்டு. அதை வைத்து, லூசி பிறப்பால் ஷிப்லி, ஹாங்ஸ் ஒருவரை மணந்து விதவையானவர் என்று இன்னொரு கட்சி கிளம்பியது. 2015இல்தான் இதற்கு ஒரு முடிவு வந்தது. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைச் சோதித்தார்கள். நான்சியின் ஒரே மகள் சாரா 1828இல் பிரசவத்தில் இறந்துவிட்டதால் நேர்வழி கிடையாது. உறவுப் பெண்களின் வழிகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஷிப்லி வழி பொருந்தவில்லை, ஹாங்ஸ் வழி பொருந்தியது. லூசி, ஜோசப் ஹாங்ஸ் வீட்டு மகள்.

இப்போது அந்த உயிலை மறுபடி பாருங்கள். பெயர் இருக்கும் நான்சி லிங்கனின் அம்மா இல்லை. அம்மாவைப் பெற்ற லூசியோ அந்த வீட்டு மகளாக இருந்தும் உயிலில் பெயரே இல்லை. ஏன் விட்டார்கள் என்று உயில் சொல்லவில்லை. 1789இல் மெர்சர் கவுண்டி நீதிமன்றத்தில் லூசி மீது ஒழுக்கக்கேடு என்று குற்றச்சாட்டு பதிவானது. அடுத்த வருடமே, ஹென்றி ஸ்பாரோவை மணக்கத் தனக்குச் சம்மதம், தனக்கு வயது வந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லைப்புறத்தில் பெண்கள் பலருக்கும் கையெழுத்தே போடத் தெரியாத காலம் அது. ஜனாதிபதிக்குக் கௌரவமான ஒரு பாட்டி வேண்டும் என்ற ஆசையில் இந்தப் பெண்ணை வரலாற்றிலிருந்தே தள்ளிவிடப் பார்த்தார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

உங்கள் சம்பந்தியம்மாவிடம் பார்ட்டன் கேட்ட கேள்வியையே கேட்கச் சொல்லுங்கள். உயிலில் வரும் அந்த மகன் பிறகு எங்கே போனான்? அவன் மிசௌரிக்கோ இண்டியானாவுக்கோ போய் அங்கே வரி கட்டிக்கொண்டிருந்த வருடத்தில் உங்கள் ஆள் கென்டக்கியில் வரி கட்டியிருந்தால், இருவரும் வேறு வேறு. கென்டக்கியில் வருடாந்தர வரிப் பட்டியல்கள் நிறையவே மிஞ்சியிருப்பது நல்ல காலம். ஆண்டு விடாமல் பார்க்க வேண்டும். அதில் சீனியர், ஜூனியர் என்று இருந்தால் அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று ஊரில் ஒரே பெயரில் மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் இருந்தாலே அப்படி எழுதினார்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம் நிலப் பத்திரங்கள். கணவன் நிலத்தை விற்கும்போது மனைவியும் தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பாள். ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டுவதில் அந்த மனைவி பெயரைப்போல உதவுவது வேறில்லை. நிலம் வாங்கியதற்குப் பத்திரமே இல்லாமல் ஒருவர் விற்றிருந்தால், அது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகலாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அன்று சொந்தபந்தங்கள் கூட்டமாகவே இடம்பெயர்ந்தார்கள்.

டிஎன்ஏ உதவும், ஆனால் கேள்வியைச் சரியாக வைத்தால்தான். ஆண்வழியில் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனைக்கு, உங்கள் மருமகனின் மூதாதையிலிருந்து ஆண்வழியிலேயே வந்த ஒருவரும், உயில் எழுதியவரிடமிருந்து அதேபோல் வந்த ஒருவரும் வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த உறவு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். பொருந்தினால் ஒரே வம்சம் என்று தெரியும், அவ்வளவுதான். உயில் எழுதியவர் அப்பாவா, அப்பாவின் அண்ணன் தம்பியா என்று அது சொல்லாது. லிங்கன் விஷயத்திலும் லூசி யார் மகள் என்று தெரிந்ததே தவிர, நான்சியின் அப்பா யார் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை.

இணைய மரங்கள் எத்தனை இருந்தாலும், ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். எல்லாம் அந்த ஒரே உயிலைத்தான் காட்டுகிறதென்றால் சாட்சி ஒன்றுதான். வரிப் பட்டியலையும் பத்திரங்களையும் பார்த்து முடிக்கும்வரை அப்பா என்ற கட்டத்தை வெறுமையாகவே விட்டுவைக்கட்டும். உயில் மகனுக்குத் தனியாக ஒரு கோப்பு போட்டு, உயில் எழுதிய வருடத்துக்குப் பிறகு அவன் எங்கெல்லாம் தென்படுகிறான் என்று சேர்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.