கெயரருக்கு அம்மா எவ்வளவு கட்ட வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. லண்டனில் என் வீட்டில் என்னோடுதான் இருக்கிறார். பென்ஷன் கிரெடிட்டும் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) அற்றெண்டன்ஸ் அலவன்ஸும் (பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான உதவித்தொகை) எடுக்கிறார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியால் வீடு திரும்பியபோது ஆறு கிழமை கெயரர், அதாவது வீட்டுக்கு வந்து பராமரிப்பவர், இலவசமாக வந்தார். இப்போது கவுன்சில் காசு கட்ட வேண்டும் என்று நீண்ட படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் வீட்டில் அம்மாவுக்குப் பங்கு உண்டு. தம்பி குடும்பம் அங்கே இருக்கிறது. அதைத் தம்பிக்கு எழுதிவிடு, இல்லாவிட்டால் உன் வீட்டுக்கும் ஆபத்து என்கிறார்கள் சொந்தக்காரர். கெயரரே வேண்டாம் என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அது உங்கள் பெயரில் இருக்கிறது. உங்கள் சம்பளத்தையும் கவுன்சில் கணக்கில் எடுக்க முடியாது. இங்கிலாந்தின் 2014 கெயர் அக்ட் சட்டப்படி, பராமரிப்பு யாருக்கோ அவருடைய வருமானமும் சேமிப்பும்தான் கணக்கு. அம்மா சொந்த வீட்டில் இருந்திருந்தாலும், அவர் அங்கே வசித்து, கெயரர் வந்துபோகும் காலம் முழுவதும் அந்த வீட்டின் பெறுமதியைச் சேர்க்க மாட்டார்கள். வீடு போன கதைகளாக நீங்கள் கேள்விப்படுபவை, பராமரிப்பு இல்லத்துக்கு நிரந்தரமாகப் போனவர்களுடையவை. அங்கே விதி வேறு. அங்கும்கூட கணவனோ மனைவியோ, 60 வயதான அல்லது அதற்கு மேற்பட்ட உறவினரோ அந்த வீட்டில் இருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது.

ஆஸ்பத்திரியால் வந்தவுடன் கிடைத்த அந்த ஆறு கிழமை உதவி, ஒருவர் மறுபடி தன் காரியங்களைத் தானே செய்யப் பழகுவதற்கானது. அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். அதன் பிறகும் உதவி தேவைப்பட்டால்தான் கட்டணக் கணக்கு வரும். படிவத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள். விவரம் கொடுக்காவிட்டால், முழுச் செலவையும் கட்ட வசதியுள்ளவர் என்று எடுத்துக்கொண்டு பில் அனுப்புவார்கள். தாமதித்தால் இலவச உதவி முடிந்த நாளிலிருந்து சேர்த்து ஒரே பில்லாகவும் வரும்.

சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் கவுன்சிலின் பண உதவி கிடையாது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைப் பார்க்கவே மாட்டார்கள். இடையில் இருந்தால் 14,250க்கு மேற்பட்ட ஒவ்வொரு 250 பவுணுக்கும் கிழமைக்கு 1 பவுண் வருமானம் வருவதாக வைத்துக் கணக்கிடுவார்கள். இந்த எல்லைகள் 2010இலிருந்து அசையவில்லை. இத்தனை விலையேற்றத்துக்குப் பிறகும் அவற்றை அப்படியே வைத்திருப்பது முதியவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். வாழ்நாள் பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண் உச்சவரம்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை 2024 ஜூலையில் அரசாங்கம் கைவிட்டுவிட்டது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

அம்மாவின் கணக்கு எப்படி வரும் என்று 2025-26 தொகைகளை வைத்துக் காட்டுகிறேன். பென்ஷன் கிரெடிட் கிழமைக்கு 227.10, அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் உயர்ந்த தொகையானால் 110.40. கூட்டினால் 337.50. துணை இல்லாத ஓய்வூதிய வயதினர் ஒருவரின் கையில் 232.60 பவுண் கட்டாயம் மிஞ்ச வேண்டும் என்பது விதி. மீதி 104.90. இதைத்தான் கவுன்சில் அதிகபட்சமாகக் கேட்கலாம். கெயரருக்கு ஆகும் உண்மைச் செலவு அதைவிடக் குறைவென்றால் அந்தச் செலவு மட்டும்தான். இரவுப் பராமரிப்பைத் தாங்கள் கொடுக்காதபோது, அலவன்ஸில் இரவுக்குரிய பங்கான 36.50ஐச் சில கவுன்சில்கள் சேர்ப்பதில்லை. உங்கள் கவுன்சில் எப்படி என்று கேளுங்கள்.

அந்த 104.90 முடிந்த முடிவு அல்ல. நம்மவர்கள் பலர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். உடல்நிலை காரணமாக மற்றவர்களுக்கு இல்லாத செலவு அம்மாவுக்கு இருந்தால் அதைக் கழிக்க வேண்டும். ‘டிஸபிலிட்டி ரிலேட்டட் எக்ஸ்பென்டிச்சர்’, சுருக்கமாக டி.ஆர்.இ. என்பார்கள். படிவத்தில் அதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நம்மவர்கள் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள், அல்லது வெறுமையாக விடுவார்கள். காரணம் வெட்கம். அம்மா படுக்கையை நனைக்கிறார் என்று எப்படி எழுதுவது?

எழுதுங்கள். நாளுக்கு இரண்டு தடவை வாஷிங் மெஷின் ஓடினால் கரண்டும் சோப்பும் செலவு. என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) தரும், சிறுநீரை உறிஞ்சும் பாட்கள் போதாமல் கடையில் வாங்கினால் அது செலவு. பகல் முழுவதும் அறையைச் சூடாக வைத்திருக்கிறீர்கள். ஹீட்டிங் பில்லை எடுங்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்று சோற்றைக் குழைத்து, பாலில் கலக்கும் சத்துமா தனியாக வாங்கினால், ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) ஒரு கடிதம் கேட்டு அதையும் சேருங்கள். ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி, கழுத்தில் போடும் அவசர அலாரத்தின் கட்டணம், வீங்கிய காலுக்கென வாங்கும் செருப்பு, கழுவிக் கழுவி நைந்துபோகும் படுக்கை விரிப்பு எல்லாம் சேரும். ஒரு கொப்பியில் நாலு கிழமைச் செலவை எழுதி, ரசீதுகளையும் வங்கிக் கூற்றையும் வைத்து அனுப்புங்கள். கிழமைக்கு 35 பவுண் ஏற்றுக்கொண்டாலே கட்டணம் 69.90க்கு இறங்கும். சில கவுன்சில்கள் ஒரு நிலையான தொகையை மட்டும் கழிக்கும். உங்கள் செலவு அதைவிடக் கூட என்றால், தனியாகக் கணக்குப் பார்க்கும்படி கேட்கலாம்.

யாழ்ப்பாண வீட்டை மறைக்காதீர்கள். வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும். ஆனால் முழு வீட்டின் விலையும் அம்மாவின் தலையில் விழாது. அவருடைய பங்கை மட்டும் வாங்க ஒருவர் எவ்வளவு கொடுப்பார் என்பதே பெறுமதி. தம்பி குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பிரிக்கப்படாத ஒரு பங்கை யார் நல்ல விலைக்கு வாங்குவார்? விற்பதற்குச் செலவாகுமென்றால் அதிலிருந்து 10 சதவீதமும் கழிப்பார்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் உள்ளூர் மதிப்பீட்டாளர் ஒருவரின் கடிதமும் எடுத்து வையுங்கள். பென்ஷன் கிரெடிட் அலுவலகத்துக்கு இந்தப் பங்கைச் சொல்லியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அங்கே 10,000 பவுணுக்கு மேற்பட்ட சொத்து தொகையைக் குறைக்கும். சொல்லாமல் விட்டால் பிறகு திருப்பிக் கேட்பார்கள். அம்மாவின் நகைகளைப் பற்றிப் பயம் வேண்டாம். கட்டணத்தைத் தவிர்க்கவென்றே வாங்கியவை அல்லாத சொந்த உடைமைகளைச் சேர்ப்பதில்லை.

தம்பிக்கு இப்போது எழுதிக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கட்டணத்தைத் தவிர்க்கத்தான் கொடுத்தார் என்று கவுன்சில் முடிவெடுத்தால், பங்கு இன்னமும் அம்மாவிடம் இருப்பதுபோலவே கணக்கிடலாம். தம்பியிடமே அறவிடவும் சட்டத்தில் இடமுண்டு. ஏழு வருஷம் கழிந்தால் சரி என்று சொந்தக்காரர் சொல்வது இறந்தபின் வரும் வாரிசு வரிக்கான விதி. பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படி வருஷக் கெடு எதுவும் இல்லை.

அம்மாவின் கண்ணீருக்கு இரண்டு காரணம் இருக்கக்கூடும். ஒன்று, பிள்ளைக்குப் பாரமாகிறேன் என்ற எண்ணம். என் காசில் ஒரு சதமும் போகாது என்று அவருக்குச் சொல்லுங்கள். அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் இந்தத் தேவைக்கே வருவது. மற்றது, தெரியாத ஒருவர் தெரியாத பாஷையில் பேசிக் குளிப்பாட்டும் கூச்சம். அதற்கு ‘டைரெக்ட் பேமென்ட்’ கேளுங்கள். பராமரிப்புப் பணத்தைக் கையில் வாங்கி, தமிழ் பேசும் பெண் ஒருவரை நீங்களே வேலைக்கு வைக்கலாம். ஒரே வீட்டில் இருப்பதால் உங்களை வைக்கப் பொதுவாகச் சம்மதிக்க மாட்டார்கள். அம்மா கட்ட வேண்டிய கட்டணம் முன்போலவே இருக்கும்.

கணக்கு வந்ததும், எதைச் சேர்த்தார்கள், எதைக் கழித்தார்கள் என்ற விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பிழையாகப் பட்டால் மறுபரிசீலனை கேளுங்கள், பிறகு முறைப்படி முறைப்பாடு. அதற்கும் மசியாவிட்டால் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியிடம்) இலவசமாகப் போகலாம். அதுவரை கெயரரை நிறுத்த வேண்டாம்.