‘இன்னும் எத்தனை நாள், ஆண்டவரே?’ – சீட்டில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

போன மாத உபவாச ஜெபத்தில் காத்திருப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும், கேள்வி இருந்தால் சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போடுங்கள் என்றேன். ஐந்தாறு சீட்டு வரும் என்று நினைத்தேன், பை நிறைய வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டுக்குத்தான் பதில் சொல்ல நேரம் இருந்தது. மற்றவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை. 34 வருஷம் நர்ஸ் வேலை, அதைவிட அதிக வருஷம் ஓய்வுநாள் பள்ளி. என் கணவர் ஆறு வருஷம் படுக்கையில் இருந்து ஆண்டவரிடம் போனார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மூன்றிலும் கற்றதுதான்.

கேள்வி: அம்மா, புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. பீரோவில் ஒட்டி வைத்துத் தினமும் சொல்லி ஜெபித்தேன். வருஷம் முடியப்போகிறது, கடனும் தீரவில்லை, வீட்டில் சமாதானமும் இல்லை. வசனம் பொய்யா, என் விசுவாசம் குறைவா?

இரண்டும் இல்லை, மகளே. அந்த அட்டையில் பதினோராம் வசனம் மட்டும் இருக்கிறது. அதற்கு முந்தைய பத்தாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்று பத்தாம் வசனத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை முப்பது வயதில் கேட்ட ஒருவர் ஊர் திரும்ப நூறு வயது வரை இருக்க வேண்டும். கேட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டிருப்பார்கள். அவர்களுக்குத்தான் ஆண்டவர், என் நினைவுகள் ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தைய 28-ஆம் அதிகாரத்தையும் இன்றைக்கு ராத்திரி வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். எரேமியா கோபப்படவில்லை. ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். அவருக்கும் அது சீக்கிரம் முடிய வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. ஆனால் ஆசைப்பட்டதை ஆண்டவர் சொன்னதாக அவர் சொல்லவில்லை. பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தான். அந்த வருஷமே செத்தும் போனான்.

நமக்கும் இரண்டு வருஷம் என்று சொல்கிறவர்களைத்தான் பிடிக்கிறது. ஜனவரியிலிருந்து டிசம்பருக்குள் என்று நாம்தான் தேதி வைத்துக்கொள்கிறோம், அட்டையில் தேதி எதுவும் இல்லை. வசனத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அந்தக் கடிதம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் அதில்தான் இருக்கிறது. சரி, கடனுக்கு வருவோம். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நம் சபைச் சேகரத்தில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் இருக்கிறார், உட்கார்ந்து பார்ப்போம். ஜெபத்தோடு அதையும் செய்ய வேண்டும்.

கேள்வி: கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மூன்று கூட்டங்களில் ‘அடுத்த வருஷம் இதே நேரம் கையில் பிள்ளை இருக்கும்’ என்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். இப்போது சிகிச்சைக்குப் போவது அவிசுவாசமா? மாமியார், ஏதோ பாவம் இருக்கிறது என்கிறார்கள்.

பாவம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியாவும் எலிசபெத்தும் கர்த்தருடைய கட்டளைகளின்படி குற்றமற்றவர்களாய் நடந்தார்கள் என்று எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று லூக்கா எழுதுகிறார். அவர் ஒரு வைத்தியர். நம் ஊர்ப் பேச்சு அவருக்கும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது, அதனால்தான் இந்த வரிசையில் வைத்திருக்கிறார். மாமியாரோடு வாதாட வேண்டாம், குடும்ப ஜெபத்தில் அந்தப் பகுதியை வாசித்துவிடுங்கள், போதும்.

தீர்க்கதரிசனம் சொன்னவர்களை நான் நியாயந்தீர்க்கப்போவதில்லை. ஆனால் ஒருவர் கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18-இல் தெளிவாக இருக்கிறது. மூன்று தடவை உங்கள் மனசை உயர்த்தி மூன்று தடவை கீழே போட்டிருக்கிறார்கள். அந்தக் காயத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

சிகிச்சைக்குத் தாராளமாகப் போங்கள். நர்ஸாகச் சொல்கிறேன், பரிசோதனை உங்கள் கணவருக்கும் சேர்த்து நடக்க வேண்டும். குறை பாதிக்குப் பாதி யாரிடமும் இருக்கலாம். பெண்ணை மட்டும் வருஷக்கணக்கில் ஊசி போட வைத்து, கடைசியில் ஆணைப் பரிசோதித்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்காகக் காத்திருக்காமல் ஆபிரகாம் தன் மனைவியின் அடிமைப்பெண் ஆகாரிடம் போனதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவார்கள். அது வேறு விஷயம். அங்கே ஓர் அடிமைப் பெண்ணின் விருப்பத்தை யாருமே கேட்கவில்லை. மருத்துவரிடம் போவதை அதோடு சேர்க்கக் கூடாது.

உங்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அப்படி ஒரு வார்த்தை கொடுக்கப்படவில்லை. அன்னாளிடம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை இல்லாமல் வருஷந்தோறும் அழுது சாப்பிடாமல் இருந்தவள், ஆலயத்தில் மனதைக் கொட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அவள் மகன் சாமுவேல் அப்போது வயிற்றிலேயே இல்லை. நீங்கள் அன்றைக்குக் கூட்டத்தில் சாப்பிடாமலே போனதைப் பார்த்தேன். ஞாயிறு மதியம் என் வீட்டில் சாப்பாடு, இருவரும் வாருங்கள்.

கேள்வி: நாலு வருஷமாக குரூப் டூ எழுதுகிறேன். இரண்டு தடவை நெருக்கத்தில் போய்விட்டது. தனியார் வேலை ஒன்று வருகிறது. போனால் ஆண்டவர் வைத்திருப்பதை நானே விட்டுவிட்ட மாதிரி ஆகுமா?

ஆகாது தம்பி. வேலைக்குப் போ, ராத்திரி படி. யோசேப்பைப் பார். பதினேழு வயதில், தான் உயர்ந்திருப்பதாகச் சொப்பனம் கண்டான், முப்பது வயதில் எகிப்து ராஜா பார்வோனுக்கு முன்பாக நின்றான். நடுவில் பதின்மூன்று வருஷம். அதில் ஒரு நாள்கூட அவன் சொப்பனத்தை நினைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்ததாக இல்லை. போத்திபார் வீட்டில் கணக்குப் பார்த்தான், சிறைச்சாலையிலும் பொறுப்பு அவனிடம்தான் இருந்தது. எகிப்து முழுவதற்கும் தானியம் சேர்க்கத் தேவையான பழக்கமெல்லாம் அங்கே வந்ததுதான். உன் அப்பாவுக்கு வயதாகிறது, அதையும் கணக்கில் வை.

கேள்வி: பெயர் போடவில்லை. என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுமையாக ஜெபி, தேவனுடைய வேளையில் மாறுவார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகள்.

அம்மா, இதைப் பொறுமை என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. தாவீதை ஆண்டவர் ராஜாவாக அபிஷேகம் பண்ணியிருந்தார், வாக்குத்தத்தம் கையில் இருந்தது. அப்போது ராஜாவாக இருந்த சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அங்கேயே நின்று சுவரோடு குத்தப்படவில்லை. விலகி, அன்றைக்கு ராத்திரியே தப்பிப் போனான். அவன் காத்திருந்தது உண்மைதான். ஆனால் ஈட்டி எட்டாத இடத்தில் போய்க் காத்திருந்தான்.

நீங்களும் பிள்ளைகளும் முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், அவர் மாறுவதற்கு அங்கிருந்தே ஜெபிக்கலாம். பெண்கள் உதவி எண் 181, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அந்த வீட்டில் குடியிருக்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். என் வீட்டிலும் கொடுக்கலாம். உங்களைப் பொறுத்துப் போகச் சொன்ன பெரியவர்களிடம் நானே பேசுகிறேன். இதில் நான் சாந்தமாகப் பேசமாட்டேன்.

கேள்வி: ‘காத்திரு’ என்கிறாரா, ‘இல்லை’ என்கிறாரா, எப்படித் தெரியும்?

பெரும்பாலும் அப்போதே தெரியாது. பவுல் தன் உடம்பில் முள்ளைப் போலிருந்த வேதனை நீங்க மூன்று தரம் கேட்டார், என் கிருபை உனக்குப்போதும் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவர் அதைக் கேட்டதாக இல்லை. அப்படித் தெளிவாக ஒரு பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆண்டவர் சலித்துக்கொள்வதில்லை.

கேள்வி: பைபிள் கதையெல்லாம் சரி ஆன்ட்டி. நம்ம பக்கத்தில் அப்படிக் காத்திருந்தவங்க யாராவது உண்டா? (ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து, எனக்குத் தெரியும்.)

உண்டு கண்ணு. தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போனோமே, கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளி, புது எருசலேம் ஆலயத்தில் ஒரு கல்லறை பார்த்தோம், நினைவிருக்கிறதா? அது மிஷனரி சீகன்பால்க் ஐயருடையது. 1706 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார், உன் அண்ணனைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார்.

1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க ஆரம்பித்தார். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கோட்டையின் டேனிஷ் அதிகாரி அவரைச் சிறையில் போட்டார், நாலு மாசம். வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். மொழிபெயர்ப்பு 1711-இல் முடிந்தது. அச்சடிக்க இயந்திரம் வேண்டும், தமிழ் எழுத்து வார்க்க வேண்டும், காகிதம் வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்து ரொம்பப் பெரிதாக இருந்தது, அதை வைத்து அடித்தால் காகிதம் பத்தாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள், அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

அப்புறம் பழைய ஏற்பாட்டை ஆரம்பித்தார். ரூத் வரைக்கும் வந்தது. 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின்னால் வந்த பெஞ்சமின் ஷூல்ட்ஸ் முடித்தார். ரூத் முடிந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தவர் சாமுவேலைத் தமிழில் பார்க்கவே இல்லை. நீ போன வாரம் தாவீதும் கோலியாத்தும் வாசித்தாய் அல்லவா, அது அவர் பார்க்காத பகுதி.

கேள்வி: தோழியின் அப்பா விபத்தில் இறந்துவிட்டார். ‘கர்த்தரின் நேரம் சரியாக இருக்கும்’ என்று சொன்னேன், அவள் என்னோடு பேசுவதில்லை. என்ன தப்பு?

சொன்னது தப்பில்லை, சொன்ன நேரம்தான் தப்பு. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. செத்துப்போன லாசரு மறுபடி எழும்பப்போகிறான் என்று தெரிந்த ஆண்டவரே அவன் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து முதலில் கண்ணீர் விட்டார். நீ போய், மன்னித்துக்கொள் என்று மட்டும் சொல். போகும்போது சாப்பாடு ஏதாவது எடுத்துப் போ. துக்க வீட்டில் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் யாரும் சமைத்துத் தரமாட்டார்கள்.

கேள்வி: தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் அவ்வளவு ஜெபித்தும் உங்கள் வீட்டுக்காரர் எழும்பவில்லையே. எப்படி இன்னும் நம்புகிறீர்கள்? எனக்கு ஜெபிக்கவே வரவில்லை.

தப்பாக நினைக்கவில்லை. பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, வலிக்கிறது என்றாலும் சரி. சத்தத்தை வைத்துத்தான் புரிந்துகொள்வேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அலாரம் வைத்து எழுந்திருப்பேன்.

நாலாவது வருஷம் எனக்கும் ஜெபம் நின்றுபோனது. மூன்று மாசம் ஒரு வார்த்தை வரவில்லை. ஆலயத்துக்குப் போவேன், வாய் அசையும், அவ்வளவுதான். அந்த நாளில் எனக்குத் துணையாக இருந்தது 88-ஆம் சங்கீதம். கடைசிவரை ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாத சங்கீதம் அது. அப்படி ஒன்றையும் ஆண்டவர் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறாரே என்று நினைப்பேன். ஒரு ராத்திரி அவரைத் திருப்பிவிட்டு, என்னை மீறி, ‘போதும் ஆண்டவரே, என்னால் முடியவில்லை’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ‘சரி’ என்றார். ஜெபம் எனக்கு அங்கேதான் திரும்ப ஆரம்பித்தது. அவர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார்.

நான் கேட்ட சுகம் வரவில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு புண் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா, அம்மன் கோயிலுக்குப் போகிறவர், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருவார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் குளித்தேன், கடைக்குப் போனேன், சில நாள் சும்மா தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். ஆண்டவர்தான் அவரை அனுப்பினார் என்று நம்புகிறேன், அவரிடமும் சொல்லியிருக்கிறேன். எபிரெயர் 11-இன் கடைசியில், விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமல் போனவர்களின் வரிசை இருக்கிறது. என் வீட்டுக்காரரை அதில் வைத்துத்தான் பார்க்கிறேன். உயிர்த்தெழுதலின் நாளில் அவர் இரண்டு காலில் நிற்பதைப் பார்ப்பேன், பழையபடி நிறையப் பேசுவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

உங்களுக்கு ஜெபிக்க வராவிட்டால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், உங்களுக்காக நான் செய்கிறேன். சீட்டில் பெயர் இல்லை, அதனால் ‘நீல மையில் எழுதியவர்’ என்று சொல்லித்தான் தினமும் ஜெபிக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், கதவு திறந்திருக்கும்.